கூடிருக்கும் மரமும் மேனேஜர் வீட்டுக் கதவும்

அன்பும் அறிவும் (அறிவு என் பக்கத்திலிருந்து வந்தது) நிறைந்த மருமகளுக்கு, உன் தாய்மாமன் நலமாக இருந்துகொண்டு எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். ஒரு பயல் கேட்கவில்லை.

மொழி இயற்கையைக் காக்கும் என்று நீ எழுதிய ஆராய்ச்சிக்கு என் பழமொழிதான் முதுகெலும்பு என்றும், திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்கள் "இது யார் சொன்னது?" என்று குடைவார்கள் என்றும் எழுதியிருந்தாய். பயப்படாதே. ஐந்தாம் வகுப்பை மூன்று தரம் படித்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்.

எங்கள் பஸ் டிப்போவுக்கு நான் தலைமைத் தச்சன் (வேறு தச்சன் கிடையாது). பட்டறை வாசல் மரத்தில் காக்காய் மூன்று குஞ்சு பொரித்திருந்தது. மேனேஜர் தன் புதுக்காரைக் கீழே நிறுத்த, காக்காய் தன் கடமையைச் செய்ய, மறுநாளே கோடாலியோடு ஆள் வந்துவிட்டான். டிரைவர் கண்டக்டரெல்லாம் வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்க, முதல் வெட்டு விழுந்ததும் நான் சிங்கம் மாதிரி பாய்ஞ்சு, "கூடிருக்கும் மரத்தைத் தொட்டால் வீட்டுக்கதவு மூடாது! எங்க முப்பாட்டனார் சொன்ன ஐந்நூறு வருஷத்துப் பழமொழி!" என்று கர்ஜித்தேன். "போய்யா, உன் முப்பாட்டனுக்கு வேற வேலை இல்ல?" என்றார் மேனேஜர். அதற்குள் மழை கொட்ட, கோடாலிக்காரன் ஓடிவிட்டான். மறுநாள் காலை பார்த்தால் மேனேஜர் முகம் வெந்த கத்திரிக்காய்! "யோவ் தச்சரே, நேத்து சாயங்காலத்துலேர்ந்து கதவு மூடலய்யா! வீட்டுக்காரி என்னையே நாற்காலியோட முட்டுக் கொடுத்து உக்கார வெச்சுட்டா!" காரை எடுத்துக் கொட்டகையில் நிறுத்தினார். குஞ்சுகள் பறந்தும் போயாச்சு. இப்போ புதுசா சேர்ற கண்டக்டர்கிட்டல்லாம், "கிளையை ஒடிக்காதே, எங்க தாத்தா அடிக்கடி சொல்லுவாரு" என்று அதே பழமொழியை எடுத்து விடுகிறார். என் முப்பாட்டனார் எப்போ இவருக்குத் தாத்தா ஆனாரோ!

பெரிய பட்டம் வாங்கி, பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, மாமனை மறக்காமல் நூறாண்டு வாழ்க. என் வீரத்தை அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் மாமன்

பின்குறிப்பு: மேனேஜர் வீட்டுக் கதவைச் செய்தவன் நான்தான். காயாத பலகை, மழை பட்டால் உப்பும் என்று செய்த அன்றே தெரியும். மரம் வெட்ட வந்த அன்று வானமும் கறுத்திருந்தது. ஆகவே நான் முன்பே சொன்னது சத்தியம், கதவும் சத்தியம். முப்பாட்டனார்தான் கொஞ்சம் இடிக்கிறார். அவர் பழமொழி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. கோடாலியைக் கண்டதும் என் வாயில் வந்தது அது. ஐந்நூறு வருஷம் என்பதை அடித்துவிட்டு இரண்டு மாதம் என்று போட்டுக்கொள். மரம் இன்னும் நிற்கிறது என்பதை மட்டும் அடித்துவிடாதே.