என்னைத் துரத்தின துணிக்கடை

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. இங்கே நான், மகன், மருமகள், பேத்தி எல்லாரும் சுகம். உன் சுகத்தைக் கேட்பது முறை. கேட்டாகிவிட்டது.

பேத்தி தன் இரண்டு சிநேகிதிகளோடு துணிக்கடை திறந்த அன்றைக்கு, வாய் நிறைய கேக்கை வைத்துக்கொண்டு நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "மூணு பொண்ணுங்க சேர்ந்து கடையா? வருஷம் திரும்புறதுக்குள்ள முடியைப் பிடிச்சுக்குவாங்க, பாருக்கா." சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாய். இப்போது கேள்: வருஷம் திரும்பிவிட்டது, கடை இருக்கிறது, வாடகைப் பத்திரத்தில் மூன்று பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டாயிற்று! எப்படி என்று நீ கேட்காவிட்டாலும் சொல்வேன்.

சண்டை வந்தது உண்மைதான், மறைக்கவில்லை. பேத்தி உடுப்பைப் படமாக வரைகிறவள், ஒரு சிநேகிதி தைக்கிறவள், இன்னொருத்தி வாயாலேயே விற்கிறவள். நீல கவுனுக்கு பாக்கெட் வைத்தால் அழகு போய்விடும் என்றாள் பேத்தி. பாக்கெட் கட்டாயம் உண்டு என்று வாங்க வந்த அம்மாளிடம் அடித்துச் சொல்லிவிட்டாள் வாய்க்காரி. தையல்காரி இரண்டு பேருக்கும் நல்லவளாக இருக்கப் பார்த்து, பாக்கெட்டுக்கு வாய் மட்டும் வைத்து, உள்ளே பை தைக்காமல் விட்டாள். அந்த அம்மாள் போனை அதில் போட, அது கால் வழியாக இறங்கித் தரையில் சில்லுச் சில்லாகப் போனது. அன்றிலிருந்து மூன்று பேருக்கும் பேச்சில்லை. கடையில் சும்மா உட்கார்ந்திருந்த நான் தூது போகிறவளானேன். "பாட்டி, கத்தரிக்கோலைத் தரச் சொல்லுங்க அவளை." "பாட்டி, அது அவ காலடியிலதான் கிடக்குன்னு சொல்லுங்க." இதற்கு நடுவே கட்டடத்துச் சொந்தக்காரர் வந்து, "சனிக்கிழமைக்குள்ள மூணு பேரும் கையெழுத்துப் போடலேன்னா, இடத்தைச் செருப்புக் கடைக்குக் கொடுத்துடுவேன்" என்று பத்திரத்தை வைத்துவிட்டுப் போனார். பேனா மேசையிலேயே கிடந்தது. முதலில் எடுப்பவள் தோற்றவளாம்!

நல்ல வார்த்தை சொல்லிச் சேர்த்து வைக்க எனக்கு வராது. வருவதைச் செய்தேன். நீயும் நம் பெரியக்காவும் ஜென்மப் பகையாளிகள், ஆனால் என்னைக் குறை சொல்லும்போது மட்டும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து சிரிப்பீர்களே, அதிலிருந்து கற்றதுதான்.

சனிக்கிழமை வாங்க வந்த ஒருத்தி கவுனைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரையை விலக்கி, "எப்படி இருக்கு பாட்டி?" என்றாள். "சோபாவுக்கு உறை போட்ட மாதிரி இருக்கு" என்றேன். போய்விட்டாள். அடுத்து வந்தவளிடம், "எதிர்க் கடைல பாரும்மா, அங்க தையல் பிரியாது" என்றேன். மனைவிக்கு வாங்க வந்த மனுஷரை, "உங்களைப் பார்த்தா வாங்குற முகமாத் தெரியலையே" என்று வாசலோடு அனுப்பினேன். அப்போதுதான் மூன்று பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"அய்யோ, இது தாங்காதுடி!" என்றாள் வாய்க்காரி.

"நாளைக்கு இவங்க வந்தா நான் வரமாட்டேன்டி" என்றாள் தையல்காரி.

என் சொந்தப் பேத்தி, நான் இடுப்பில் சுமந்தவள், "பாட்டி, எழுந்திரிங்க. வீட்டுக்குப் போங்க" என்றாள். ஒருத்தி என் கைப்பையைத் திணித்தாள், ஒருத்தி குடையைக் கொடுத்தாள், ஒருத்தி கதவைத் திறந்துவிட்டாள். மறுபடி 'டி' போட்டுப் பேசிக்கொண்டார்கள், தங்கச்சி! தெருவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூன்று தலையும் பத்திரத்தின் மேல் கவிழ்ந்திருந்தன. சிரிப்பு வேறு. என்னைப் பற்றித்தான் இருக்கும். சிரிக்கட்டும். வெயிலில் நின்றபடி ஜெயித்தவள் நான் ஒருத்திதான்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு முழு ஆசீர்வாதம். உன் சின்ன மருமகளுக்கு மட்டும் பாதி. போன தடவை என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினவள் அவள்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பேத்தி வந்து நிற்கிறாள். என்னை வெளியே அனுப்பியது யார் தப்பு, யார் வந்து மன்னிப்புக் கேட்பது என்று தகராறாகி, மூன்று பேருக்கும் மறுபடி பேச்சில்லையாம். "பாட்டி, நாளைக்கு வாங்க. கடைச் சாவியை எங்க வச்சான்னு அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்கிறாள். எனக்காக மூன்று பேர் அடித்துக்கொள்கிறார்கள், தங்கச்சி. உனக்காக ஒருத்தராவது அடித்துக்கொண்டது உண்டா?