காருக்கு வாய் வந்த கதை

மனைவியின் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்கிற கணவன்மார்களுக்கு என்னிடம் ஒரே ஒரு புத்திமதிதான் உண்டு. நிறுத்தாதீர்கள். நின்றுவிடும்.

நான் நிறுத்தினேன். சும்மா அல்ல, சபதம் போட்டு நிறுத்தினேன். "இன்று முதல் இந்தக் காரில் இரண்டே சத்தம்தான். ஒன்று என்ஜின். இன்னொன்று பாட்டு." வாங்கி வந்த புதுக் காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் செய்த சபதம் இது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவன் அதைக் கொஞ்சம் சத்தமாகவே செய்கிறான்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. காலையிலிருந்து ஒவ்வொருவராக உட்காரவைத்து, "இது தெளிவா? இப்போ? முன்னாடி வெச்சது மேலா, இது மேலா?" என்று கேட்பதும், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பதும்தான் பிழைப்பு. வீடு திரும்பும்போது காதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் தேவலை என்றிருக்கும். வைக்க முடியாது. கண்ணாடி மாட்டவாவது காது வேண்டும்.

என் மனைவி கான்வென்டில் படித்தவள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லோரும் வந்து உட்காரும்வரை விடமாட்டாள். வீட்டில் நான் அறைக்கு அறை நகர்ந்து தப்பித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டுக்குக் காரில் போகிற ஒரு மணி நேரம்தான் வசமாக மாட்டுவேன். சீட் பெல்ட் வேறு. அந்த ஒரு மணி நேரத்தை நான் ஒரே எழுத்தால் கடந்தேன். "ம்."

ம் போடுவதில் நான் பட்டம் வாங்கியவன் மாதிரி. இறக்கிச் சொன்னால் 'சரி'. ஏற்றிச் சொன்னால் 'அப்படியா?'. இழுத்துச் சொன்னால் 'உங்க அக்கா செஞ்சது தப்புத்தான்'. எப்போதாவதுதான் மாட்டிக்கொள்வேன்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

"உங்க அக்கா செஞ்சது தப்புன்னு."

"அக்காவைப் பத்திப் பேசவே இல்ல. கேஸ் அடுப்பைப் பத்திப் பேசினேன்."

"அடுப்பு செஞ்சதும் தப்புத்தான்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த பழைய காரை விற்றுவிட்டுப் புதுக் கார் எடுத்தேன். டேஷ்போர்டில் ஒரு திரை. போனைக் காரோடு சேர்த்துவிட்டால் பாட்டு, பேச்சு எல்லாம் காரின் ஸ்பீக்கரிலேயே வருமாம். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"புளூடூத் இருக்கா சார்?"

"இருக்காம் டாக்டர். அப்படின்னா என்ன?"

"நீலப் பல்லு. பல்லுன்னு வந்துட்டா அது நம்ம டிபார்ட்மெண்ட். கேளுங்க."

என் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகத் தலையாட்டினார். எதிரில் இருப்பவரின் வாயைப் பஞ்சு வைத்து அடைத்துவிட்டுப் பேச்சுக் கொடுக்கிற மனிதர். அவருக்குத் தெரியாததா?

"பாட்டைப் போட்டுடுங்க சார். என் கிளினிக்ல அதுதான் செய்யறேன். வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சை வெச்சு, பாட்டைப் போட்டுடுவேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் குறுக்கே பேசினதில்ல."

"சும்மா பாட்டு போட்டா சந்தேகப்படுவாளே?"

"காரணம் ஒண்ணு வேணும். 'ஓட்டும்போது பேசினா கவனம் சிதறும், டாக்டர் சொல்லியிருக்கார்'னு சொல்லுங்க. எந்த டாக்டர்னு சொல்லாதீங்க."

அன்று மத்தியானமே காருக்குள் உட்கார்ந்துகொண்டு போனை நோண்டினேன். போன் தேடிற்று. ஏதோ ஒரு பெயர் வந்தது. கார்தான் என்று அழுத்தினேன். மாடி வீட்டு ஸ்பீக்கர். அந்த வீட்டு அம்மாள் துள்ளிசை வைத்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள் போலிருக்கிறது. துள்ளிசை நின்று என் சோகப் பாட்டு கிளம்பியது. குதித்துக்கொண்டிருந்த காலடிச் சத்தம் மெல்ல மெல்ல நடையாகி, அப்புறம் உட்கார்ந்துவிட்டது.

கையில் கார்ப் புத்தகத்தோடு என் மனைவி வந்தாள்.

"என்ன செய்யறீங்க உள்ள?"

"போனை வண்டியோட சேர்க்கறேன்."

"புக்குல போட்டிருக்கு, பார்த்துச் செய்யலாமில்ல?"

"புக்கு பார்த்து ஓட்டறவன் இல்ல நான்."

"தெரியும். போர்டு பார்த்தும் ஓட்டறதில்ல. அதனாலதானே அன்னைக்கு ஒன்வேயில அவ்வளவு பேரும் எதிர்ல வந்தாங்க?" கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதல்ல வண்டித் திரையில 'புதுப் போன்'னு அழுத்துங்க. அப்புறம் போன்ல தேடுங்க. ரெண்டுலயும் ஒரே நம்பர் வரும். ஒண்ணா இருக்கான்னு பார்த்துட்டு சரின்னு சொல்லுங்க."

சொன்னேன். கார் 'டிங்' என்றது. சேர்ந்துவிட்டது.

"ஒரு தடவை சேர்ந்துட்டா போதுமாம். அப்புறம் கிட்ட வந்தாலே தானா ஒட்டிக்குமாம்," என்று புத்தகத்தைப் பார்த்துப் படித்தாள்.

"கல்யாணம் மாதிரி."

"இல்ல. இதுல வேண்டாம்னா அழிச்சிடலாம்னும் போட்டிருக்கு."

தன் வாயைக் கட்டுகிற கயிற்றை எனக்குத் திரித்துக் கொடுத்ததே அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கார் தெரு முனையைத் தாண்டுவதற்குள் அவள் ஆரம்பித்தாள். "ஏங்க, பொண்ணு சொன்னாளே..."

"இரு. ஓட்டும்போது பேசினா கவனம் சிதறும். டாக்டர் சொல்லியிருக்கார்."

"எந்த டாக்டர்?"

"டாக்டர்னா டாக்டர்."

பாட்டை வைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டேன்! பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு ஓட்டினேன். வழியில் பழக்கடை வாசலில் நிறுத்தினேன். ஏசி ஓடட்டும் என்று காரை அணைக்காமல் அவளை உள்ளே விட்டுவிட்டு நான் மட்டும் இறங்கினேன். ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. பல் டாக்டர். எடுத்து, "ஹலோ" என்றேன். சத்தமே இல்லை. "ஹலோ! ஹலோ!" கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி. சரி, லைன் கிடைக்கவில்லை என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் நாலு ஆரஞ்சு பொறுக்கினேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கான்வென்ட் முகம். பிரார்த்தனைக்கு நிற்பவள் மாதிரி.

"போன் வந்துதா?" என்றாள்.

"வந்துது. ஒண்ணும் கேக்கல."

"ம்," என்றாள்.

இருபத்தைந்து வருட வாழ்க்கையில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'ம்' அது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். நானோ பாட்டை வைத்தேன்.

மறுநாள் மதிலுக்கு மேலே டாக்டர் முளைத்தார்.

"என்ன சார், நேத்து போன்ல ஒரே ம் ம்னு கொட்டினீங்க? பக்கத்துல அவங்க இருந்தாங்களா?"

"நான் எங்க பேசினேன் டாக்டர்? லைனே கிடைக்கலையே."

"நல்லாக் கிடைச்சுதே! 'என்ன சார், வீட்டம்மா வாய்க்குப் பஞ்சு வெச்சாச்சா?'ன்னு கேட்டேன். ம்னீங்க. 'நான் சொன்ன டாக்டர் கதையைச் சொன்னீங்களா, நம்பினாங்களா?'ன்னு கேட்டேன். ம்முன்னு கொஞ்சம் இழுத்தீங்க. 'இந்தப் பேச்சுக்குப் பயந்துதானே புதுக் காரே எடுத்தீங்க'ன்னு சொன்னேன். அதுக்கும் ம்தான்."

என் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் செடியை விட்டுவிட்டு என் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் கார் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு நின்றதால் பேச்செல்லாம் காருக்குப் போயிருக்கிறது. டாக்டர் பேசியது நாலு ஸ்பீக்கரில் என் மனைவிக்குக் கேட்டிருக்கிறது. அவள் சொன்னது டாக்டருக்குக் கேட்டிருக்கிறது. ஒரு 'ம்'முக்கு ஆண் குரல், பெண் குரல் என்று வித்தியாசம் உண்டா? அதுவும் இத்தனை வருடமாக என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய ம்.

தவளை தன் வாயால் கெட்டது. நான் பக்கத்து வீட்டு வாயால் கெட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படித்தாள். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு நான் வெளிக் கதவைப் பூட்டிவிட்டு வருவதற்குள் கார் 'டிங்' என்றது. என் போனைப் பார்த்தேன். 'இணைப்பு இல்லை'.

"என் போன் ஏன் ஒட்டல?"

"ஒரு போனை முதல் போனா வெச்சுக்கலாம்னு போட்டிருக்கு. வெச்சுட்டேன்."

"யாரோடதை?"

பதிலுக்கு அவளுடைய அக்காவின் குரல் நாலு ஸ்பீக்கரிலிருந்தும் கிளம்பியது. "சொல்லுடீ! கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டோம்கா. நீ சொல்லு."

அவள் அக்கா சொன்னாள். மகள் வீட்டு வாசல் வரும்வரை சொன்னாள். அந்தம்மாள் கான்வென்டில் படிக்காதவள். எந்த வாக்கியமும் முடியவே இல்லை.

வண்டியை நிறுத்தியதும், "ஓட்டும்போது பேசினா கவனம் சிதறும்னு சொன்னேனா இல்லையா?" என்றேன்.

"உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேசினேனா? அக்காகிட்டதானே பேசினேன்?"

பெட்ரோல் என்னுடையது, டிரைவர் நான், ஸ்பீக்கர் அவர்களுடையது. ஒரு நாள் திருட்டுத்தனமாக அவள் போனைக் காரிலிருந்து அழித்தேன். அடுத்த ஞாயிறு நான் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் திரும்பச் சேர்த்துவிட்டாள்.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த ஞாயிறு அக்காவின் குரல் சொன்னது வேறு.

"பாவம்டீ நீ. பொண்ணும் மாப்பிள்ளையும் அவ்வளவு தூரம் போயிட்டா ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் எங்கதான் போவீங்க?"

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரனால் என்னைத் திட்டினான்.

"யாரு? எங்க போறாங்க?"

"ரோட்டைப் பாருங்க," என்றாள்.

அக்கா போனை வைத்த பிறகு கேட்டேன். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல். பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். விமானத்தில்தான் போய்ப் பார்க்க முடியும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னேன். மாற்றல் வரும்போல இருக்குன்னு சொன்னேன். வந்துடுச்சுன்னு சொன்னேன். இதே ரோட்லதான். ம்னீங்க."

"எப்படி ம்னேன்?"

"இழுத்து."

உங்க அக்கா செஞ்சது தப்புத்தான். இழுத்த ம்முக்கு அதுதானே அர்த்தம்? பழைய காரில் அவள் என்னென்ன சொல்லியிருப்பாள்? மகளுக்குப் பயமாக இருக்கிறதென்று சொன்னாளோ? தனக்குப் பயமாக இருக்கிறதென்று சொன்னாளோ? எதற்கெல்லாம் நான் இறக்கினேன், எதற்கெல்லாம் ஏற்றினேன்? வீட்டுச் செய்தி எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் காதில் ஊற்றப்பட்டிருக்கிறது. நான் காதைக் கவிழ்த்து வைத்திருந்தேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் நம்பர் பார்க்கிறவனுக்குத் தன் வீட்டில் நடந்தது அடுத்த வீட்டு நியூஸ் மாதிரி ஸ்பீக்கரில் வந்தது.

வீட்டில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அறைக்கு அறை இப்போது நான்தான் பின்னால் போகிறேன்.

"ஏதாவது சொல்லேன்."

"என்ன சொல்ல?"

"ஏதாவது. அந்த கேஸ் அடுப்பு எப்படி இருக்கு?"

"எரியுது."

அவ்வளவுதான். எழுவாய்கூடக் கொடுக்கவில்லை.

மகள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு. இனி இந்த ரோட்டில் எங்களுக்கு வேலை இல்லை. அக்கா ஏனோ அன்று போனை எடுக்கவில்லை. என் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கார் முழுக்க அமைதி. நான் சபதம் போட்டு வாங்கிய அமைதி. என்ஜின் சத்தம் மட்டும். தாங்க முடியவில்லை.

"பயமா இருக்கா?" என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. இத்தனை வருடம் ஒரே எழுத்தில் குடித்தனம் நடத்தியவனுக்குத் திடீரென்று ஒரு முழு வாக்கியம் எங்கிருந்து வரும்?

சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. யார் போன் செய்தாலும் இவள் பேசுகிறாளே? நானும் செய்தால் என்ன? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் மனைவியின் நம்பரை என் போனில் அழுத்தினேன்.

நாலு ஸ்பீக்கரிலும் மணி அடித்தது. திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. கூப்பிடுகிறவரின் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. கண்ணாடிக் கடைக்காரனுக்கு எழுத்துப் பிழையாகத் தெரிய வாய்ப்பில்லை. அவள் போனில் என் பெயரை அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறாள்.

'ம்'.

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. எடுத்துவிடப் போகிறாள் என்று நான் பேச வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். விளக்கு பச்சைக்கு மாறியது. அவள் விரலை நீட்டி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"ஓட்டும்போது பேசாதீங்க. கவனம் சிதறும். டாக்டர் சொல்லியிருக்கார்."

"ம்," என்றேன்.