கொண்டை ஊசி வளைவில் கொதித்த ராஜா

ஒரு காட்டில் சடையப்பன் என்று ஒரு கரடி இருந்தது. அதனிடம் ஒரு லாரி இருந்தது. கரடிக்கு எதற்கு லாரி என்று கேட்பவர்கள், சிங்கத்துக்கு எதற்கு ராஜ்யம் என்று முதலில் கேட்டுவிட்டு வரட்டும். அதுவரை கதை காத்திருக்கும்.

அந்தக் கோடையில் காட்டுக் குளம் வற்றிவிட்டது. மிச்சமிருந்த தண்ணீரில் ஓர் எருமை புரண்டு படுத்தாலே குளம் காலி. அந்த நேரம் பார்த்து, பேச்சி என்ற விரால் மீன் குஞ்சு பொரித்திருந்தது. செக்கச்செவேல் என்று ஒரு கூட்டம் அதன் வாலையே சுற்றிக்கொண்டிருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் அணை இருந்தது. மீன்களை அங்கே கொண்டுபோய் விடும்படி சிங்கராஜா உத்தரவு போட்டார். ஏற்பாடு எல்லாம் நல்லபெருமாள் என்ற நரியின் பொறுப்பு. தொட்டி வைத்த டிரெய்லரை லாரியில் கோத்து இழுப்பது சடையப்பன் பொறுப்பு.

"தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல. சேத்துல கிடந்தாலும் தலைய நீட்டி மூச்சு விட்டுக்கிடுவேன்" என்றது பேச்சி. "இந்தப் பிள்ளையளுக்கு அது இன்னும் பழகல. தண்ணி இல்லன்னா போயிருமய்யா."

"ஒரு குஞ்சு குறையாம கொண்டுசேத்துருதேன்க்கா" என்று சடையப்பன் வாக்குக் கொடுத்தது.

அன்றே லாரிக்கு அடியில் புகுந்தது. ரேடியேட்டரைத் திறந்துவிட்டால், ஆறிப்போன டீ நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டியது. தெளிவாக வரும்வரை அலசியது. சூட்டை ஆற்றும் புதுக் கூலன்ட் ஊற்றியது. வெடிப்பு விட்டிருந்த ரப்பர் குழாய்களை மாற்றியது. ஃபேன் பெல்ட்டை இழுத்து இறுக்கியது. ரேடியேட்டர் இடுக்கில் அப்பியிருந்த ஈசலையும் வைக்கோலையும், மெல்லிய தகடுகள் வளையாமல் பின்பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சி எடுத்தது. ஈசல்களை மட்டும் வீணாக்கவில்லை, கரடி அல்லவா.

"இம்புட்டு அலப்பறையா, அண்ணாச்சி?" என்று நரி சிரித்தது. "மீன்தான? என்ன எடை இருக்கப்போவுது?"

"மீனுக்கு எடை இல்ல வேய், தண்ணிக்கு எடை. அதை இழுத்துக்கிட்டு மலை ஏறினா என்ஜின் அடுப்பாயிரும். முன்னாடி இருந்து அடிக்கிற காத்துதான் அதை ஆத்தணும். இதுல கொஞ்சம் அசந்தாலும் நடுமலையில நிக்கணும்."

நரி இதையெல்லாம் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டது. காதில் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

புறப்படும் நாளில் சடையப்பன் குளித்து, முடி கோதி, லாரியிடம் வந்து பார்த்தது. லாரிக்கு முகமே இல்லை. பம்பர் முதல் பானெட் வரை ஒரு பிளக்ஸ் பேனர் இழுத்துக் கட்டியிருந்தது. அதில் சிங்கராஜா சிரித்தார். அவர் பிடரிக்குக் கீழே நல்லபெருமாள் கைகூப்பி நின்றது. மீன்கள் அடியில், ஸ்டாம்பு அளவில். சுற்றிலும் செவ்வந்தி மாலை வேறு.

"என்ன வேய் இது? ரேடியேட்டருக்குக் காத்து எப்படிப் போவும்?"

"ராஜா முகத்தைக் கழட்டச் சொல்லுதீரா?" நரி குரலைத் தாழ்த்தியது. "நல்லா சொல்லும். அப்புறம் உமக்குக் காத்து எப்படிப் போவும்னு நான் யோசிக்கணும்."

சடையப்பன் பேனரைத் தொடாமல் சீட்டில் ஏறியது. பயம்தான். தொட்டிக்குள் குஞ்சுகள் துள்ளும் சத்தம் கேட்டபோது வெட்கமாகவும் இருந்தது. பயத்தோடும் வெட்கத்தோடும் வண்டியைக் கிளப்பியது. போட்டோவில் விழ வேண்டும் என்பதற்காக நரியும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தது.

முதல் வளைவில் சூடு காட்டும் முள் அசைந்தது. இரண்டாவதில் எழுந்து நின்றது. சடையப்பன் வேறு வழியில்லாமல் ஹீட்டரைப் போட்டது. என்ஜின் சூட்டில் பாதியைக் கேபினுக்குள் இழுத்துவிட்டால் வண்டி பிழைக்கும் என்பது பழைய டிரைவர்கள் கணக்கு. வண்டி அப்போதைக்குப் பிழைத்தது. சித்திரை வெயிலில், உடம்பெல்லாம் கம்பளியாகப் பிறந்த கரடி, ஹீட்டர் காற்றில் வெந்துகொண்டு ஓட்டியது.

"ஹீட்டர அணையும் அண்ணாச்சி, செத்துருவேன்!" என்று நரி நாக்கைத் தொங்கப்போட்டது.

"ஒண்ணு ஹீட்டர் ஓடணும், இல்லன்னா பேனர் இறங்கணும். நீரே சொல்லும்."

நரி யோசித்தது. "ஹீட்டரே ஓடட்டும்" என்றது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பானெட் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பி, பேனரில் இருந்த ஓர் ஓட்டை வழியாகச் சரியாக ராஜாவின் மூக்கில் வந்தது. சாலையோரம் வேடிக்கை பார்த்த முயல்கள், "ராஜாவுக்குக் கோவம் வந்துட்டு!" என்று குப்புற விழுந்து கும்பிட்டன.

சடையப்பன் இறங்கி, சீட்டுக்கு அடியில் வைத்திருந்த தண்ணீர்க் கேனை எடுத்தது. காலி. மாலை வாடக்கூடாது என்று புறப்படும்போதே நரி அதைச் செவ்வந்திக்குத் தெளித்திருந்தது.

"அதான் தொட்டி நெறைய இருக்கே, ரெண்டு வாளி எடுத்து ஊத்தும்" என்றது நரி.

தொட்டிக்குள் எட்டிப்பார்த்தபோது சடையப்பனுக்குக் கண் கலங்கியது. வெயிலில் தண்ணீர் வெதுவெதுத்து, குஞ்சுகள் மூலையில் ஒண்டியிருந்தன.

"எடுத்துக்கோ தம்பி, வண்டி ஓடினாத்தான நாங்க" என்றது பேச்சி. "ஆனா எத்தனை தடவை எடுப்ப?"

அந்தக் கேள்வி கரடியைச் சுட்டது. பேனர் இருக்கும்வரை ஒவ்வொரு வளைவிலும் கொதிக்கும். ஒவ்வொரு தடவையும் தொட்டி குறையும். நரியிடம் ரேடியேட்டரைப் பற்றி இனி பேசிப் பயனில்லை. நரியின் பாஷையில் பேச வேண்டும்.

"நல்லபெருமாளு, நீரு பெரிய தப்பு பண்ணிட்டீரு. ராஜா படத்தைப் பம்பர்ல கட்டினா சாணியும் சகதியும் அவர் மூஞ்சியிலல்லா தெறிக்கும்? தொட்டிக்கு மேல பந்தலா கட்டும். ராஜாவோட குடைநிழல்ல குடிமக்கள். மேல பறக்கிற கழுகு பூராவும் உம்ம மூஞ்சியத்தான் பாக்கும்."

நரி பதறிப்போய் பேனரைத் தானே அவிழ்த்து, தொட்டிக்கு மேல் பந்தலாகக் கட்டியது. என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, பேச்சியிடம் ஒரே ஒரு வாளி கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு சடையப்பன் வண்டியைக் கிளப்பியது. காற்று நேராக ரேடியேட்டரில் அடித்தது. முள் இறங்கியது. நிழலில் தொட்டித் தண்ணீரும் குளிர்ந்தது. பொழுது சாய்வதற்குள் வண்டி அணைக்கு வந்துவிட்டது.

பேச்சி ஆழத்தில் இறங்கியது. செந்நிறக் கூட்டம் மொத்தமும் அதன் பின்னால் போனது. ஒன்றுகூடக் குறையவில்லை. சடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேனில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, அசதியில் கரையோரம் கண்ணயர்ந்தது.

விழித்துப் பார்த்தால், லாரியின் முன்னால் புதிதாக ஒரு பேனர். பம்பர் முதல் பானெட் வரை. நடந்ததைச் சடையப்பன் ராஜாவிடம் சொல்லிவிடுமோ என்ற பயத்தில், நரி அணைக்கரைக் கடையில் அவசரமாக அச்சடித்து வாங்கிக் கட்டியிருந்தது. "மீன்குலக் காவலர் சடையப்பனார்!" என்று தங்க நிற எழுத்து. கீழே கூலிங்கிளாஸ் போட்ட கரடி. நெஞ்சின் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

சடையப்பன் கிழிப்பதற்கு நகத்தை நீட்டியது. அப்படியே நின்றது. இடப்பக்கம் போய்ப் பார்த்தது. வலப்பக்கம் வந்து பார்த்தது. ஓரத்தில் தளர்ந்திருந்த ஒரு கயிற்றை, நீட்டிய அதே நகத்தால் இழுத்து இறுக்கிக் கட்டியது.

"காத்து போவாதே அண்ணாச்சி?" என்றது நரி.

"காலி தொட்டிதான வேய்" என்றது சடையப்பன். "என்ன எடை இருக்கப்போவுது?"

திரும்பும் வழியில், மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பேனர்க் கரடியின் மூக்கிலிருந்து புகை வந்தது. முயல்கள் குப்புற விழுந்து கும்பிட்டன.

நீதி: மலையேறும் வண்டிக்கு ரேடியேட்டரில் காற்று படுவது மிக மிக அவசியம். பேனரில் நம் படம் நன்றாக விழுந்திருந்தால் மட்டும், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகலாம்.