கோழிக்கூட்டுக்குக் குடிபோன என் வீடு

மொன்றியலில் கோழி வளர்க்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் கடைப்படி ஏறாமல், மேல்வீட்டுக்காரியின் குசினியை மட்டும் நம்பி ஒரு கோழிக்கூட்டை நிறைத்த பெண் எங்கள் பஸ்ஸக்கா ஒருத்திதான். வேறொருத்தி இருந்தால் காட்டுங்கள். அந்த மேல்வீட்டுக்காரி நான். ஆகவே இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அந்தப் பழியும் அவளுக்கே.

செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருந்தது மூன்றடுக்கு வீடு. பின்வளவோடு கீழே அவள், அதற்கு மேலே நான். அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் மஞ்சள் பஸ்ஸை வருடக்கணக்காக ஓட்டி ஓய்வு பெற்றவள். சொந்தப் பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. தபால் போடுகிற வெள்ளைக்காரப் பொடியன்கூட "பொன்ஜூர் பசக்கா" என்றுதான் சொல்வான். என்னைவிடப் பத்து வயது இளையவள். இருந்தும் நானும் அவளை அக்கா என்றேன், நீங்கள் என்றேன். அந்தக் குரலுக்கு முன்னால் வேறு சொல் வராது. இங்கே எழுதும்போதாவது "அவள்" என்று எழுதி ஆறிக்கொள்கிறேன்.

என்னிடம் ஒருவர் வந்து ஒன்றைக் கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சொல் தொண்டைவரை வரும், அங்கே நின்று யோசிக்கும், பிறகு எச்சிலோடு கீழே இறங்கிவிடும். பஸ்ஸக்கா இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரு கோடைக்காலக் காலையில் இரும்புப் படி அதிர ஏறி வந்தாள்.

"அக்கா, நகரசபை இப்ப வளவுக்குள்ளை கோழி வளர்க்க விடுதாம். நாலு பேட்டுக்கோழி எடுக்கப்போறன்."

"நல்லது," என்றேன்.

"முதன்முதலா வளர்க்கிற ஆக்களுக்கு என்னென்ன சாமான் வேணுமெண்டு யூரியூப்பிலை ஒருத்தர் விலாவாரியாச் சொல்லுறார். கூட்டையும் கம்பிவலையையும் மருமகன் அடிச்சுத் தருவான். மிச்சச் சாமானைத்தான் யோசிக்கிறன்."

யோசிக்கிறன் என்று சொல்லும்போதே அவளுடைய கண் என் தோளுக்கு மேலால் குசினிக்குள் போய்விட்டது. அன்றைக்கே நான் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

முதலில் போனது அரிசி வாளி. தீனியை மூடி இறுக்கமான வாளியில் வைக்காவிட்டால் ரக்கூன் வந்து தின்றுவிடுமாம். என் அரிசியை ஒரு தலையணை உறைக்குள் கொட்டி, உறையை முடிச்சுப் போட்டு என் கையில் தந்துவிட்டு வாளியோடு இறங்கினாள். ரக்கூன் என் வீட்டுக்கு வராது என்று அவளுக்கு யார் சொன்னதோ தெரியாது.

அடுத்தது தாம்பாளம். தீனி நிலத்தில் சிந்தக்கூடாதாம், அகலமான தட்டு வேண்டுமாம். என் மகனின் கலியாணத்தில் கூறைச்சேலை வைத்துத் தூக்கின பித்தளைத் தாம்பாளம் கோழிக்குச் சாப்பாட்டுத் தட்டானது. பிறகு என் பெரிய பேசின் போனது. கோழி தண்ணீரில் குளிக்காதாம், மண்ணில்தான் குளிக்குமாம். அதற்கு மணலும் சாம்பலும் போட ஒரு தொட்டி வேண்டுமாம். பிறகு உடுப்புக் கூடை. அதற்குள் வைக்கோல் போட்டால் கோழி கூச்சப்படாமல் முட்டையிடுமாம். கூச்சப்படுகிற கோழிக்கு இவ்வளவு மரியாதை. கூச்சப்படுகிற என்னை ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள் கணவாய் ஓட்டுக்கு வந்தாள்.

"முட்டைக் கோது கெட்டியா வர கல்சியம் வேணும் அக்கா. கணவாய்க்கறி வைக்கேக்கை அந்த ஓட்டை எறிஞ்சுபோடாதேங்கோ. எப்ப வைக்கிறியள்?"

"நான் இந்தக் கிழமை மரக்கறிதான்."

"அப்ப வாற கிழமை ரெண்டு தரம் வையுங்கோ."

வைத்தேன். கோழிக்காகக் கணவாய்க்கறி சமைத்த பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஓட்டைக் கொண்டுபோனவள், மணம் நல்லாயிருக்கென்று கறியையும் கொண்டுபோனாள்.

புரட்டாதிக் கடைசியில் கோழிகள் வந்தன. முட்டையிடும் வயது இன்னும் ஆகாத குமருகள். அவள் பஸ் ஓட்டின தெருக்களின் பெயரை அவற்றுக்கு வைத்தாள்: ஜாரி, பெலான்ஜே, பாப்பினோ, இபெர்வீல். பொழுதுபட்டால் வளவில் நின்று சத்தம் போடுவாள். "ஜாரி, ஏறு. பெலான்ஜே, தள்ளாதை. பாப்பினோ, பஸ் ஓடேக்கை எழும்பப்படாது, சீற்றிலை இரு." நான்கும் உள்ளே போனபிறகு எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவாள்.

அந்தச் சீற்றுக்குத்தான் என் வீட்டுக்காரரின் கைத்தடி போனது. கோழி நிலத்தில் படுக்காது, ஏறி இருந்து தூங்க ஒரு கம்பு வேண்டும் என்று வந்து நின்றாள். அவர் செத்த நாளிலிருந்து தடி கதவு மூலையில் நின்றது.

"சும்மாதானே நிக்குது அக்கா. அண்ணைக்கு இனித் தேவைப்படாது."

அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. வாய் மட்டும் திறக்கவில்லை. தடியை எடுத்தவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றிக்கொண்டு, கொண்டே போய்விட்டாள்.

சாமான்களைத் திருப்பிக் கேட்கலாம் என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்து ஒருமுறை படியில் மறித்தேன்.

"அக்கா, அந்த வாளி..."

"ஐயோ, வெறும் பாத்திரமாய் எப்பிடித் திருப்பித் தாறது? எங்கடை ஆக்களிட்டை அப்பிடிப் பழக்கம் இருக்கே? கோழி முட்டை போடட்டும். உள்ளுக்கு முட்டை வைச்சுத் தாறன்."

இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அழகில்லைதான். சீனியோ பழமோ ஒன்று வைத்துத்தான் கொடுப்போம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கோபமாயிருக்கிற ஆளுக்கு எதிராளியின் நியாயத்தைப்போல எரிச்சல் வேறில்லை.

கோழிகளும் அவளோடு சேர்ந்துகொண்டன. நாள் குறுகினால் கோழி முட்டையிடாதாம், வெளிச்சம் வேண்டுமாம். என் சாமித்தட்டில் போட்டிருந்த பச்சையும் சிவப்புமாக மின்னுகிற பல்ப் மாலையைக் கழற்றிக்கொண்டு போனாள். பிள்ளையார் இருட்டில் இருந்தார். கீழே கோழிக்கூட்டில் திருவிழா நடந்தது. அப்படியும் ஒரு முட்டை இல்லை. பனி கொட்டத் தொடங்கியதும், தண்ணீர் உறைகிறது என்று என் முழங்காலுக்குக் கட்டுகிற மின்சாரச் சூட்டுப் பட்டியை வாங்கிப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தண்ணீர்ச் சட்டிக்குக் கீழே வைத்தாள். கோழிகள் இளஞ்சூடாகத் தண்ணீர் குடித்தன. நான் சுவரைப் பிடித்து நடந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மகன் விழித்துக்கொண்டான். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, என்னைப் பார்த்து, குளிர்சாதனப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டுப் போவான்.

"அம்மா, அரிசி ஏன் தலையணைக்குள்ளை இருக்கு?"

கீழே போய்ச் சண்டை பிடிப்பானே என்று பயந்தேன். "தெரியாது," என்றேன்.

"வாளி எங்கை?"

"தெரியாதப்பு."

அடுத்த ஞாயிறு உடுப்புகள் நிலத்தில் கிடந்ததைப் பார்த்தான். சாமிக்கு வெளிச்சம் இல்லாததைப் பார்த்தான். "முழங்காலுக்கு வாங்கித் தந்த பட்டியும் இல்லை, அப்பாவின்ரை தடியும் இல்லை. எங்கையம்மா வைச்சனீங்கள்?" என்றான். அதற்கும் தெரியாது என்றேன். அவன் குசினிக்குள் போய் மருமகளோடு மெல்லத் தொலைபேசியில் கதைத்தது எனக்குக் கேட்டது. காதில் எனக்கு ஒரு பழுதும் இல்லை.

"மறதி தொடங்கிட்டுது. சாமானுகளை எங்கையோ கொண்டுபோய் எறியிறா. இனித் தனிய விடேலாது. வாற ஞாயிறு சாமான் ஏத்த வானோடை வாறன்."

புரோசார்ட் வீடு நல்ல வீடு. எனக்கென்று அறை வைத்திருக்கிறார்கள், ஜன்னலால் பார்த்தால் கடைகள் தெரியும். மருமகள் நல்ல பிள்ளை. ஆனால் அங்கே கதவு அவர்களுடையது. இங்கே கதவு என்னுடையது. நான் திறக்கலாம், திறக்காமலும் விடலாம். திறக்காமல் விட்டதில்லை என்பது வேறு கதை.

அன்று பின்னேரமே கீழே இறங்கினேன். அத்தனை காலத்தில் அவளுடைய கதவை நான் தட்டினது அதுதான் முதல் தடவை.

"அக்கா, என்ரை சாமான் எல்லாம் வேணும். இப்பவே வேணும்."

"ஒரு முட்டையும் இன்னும்..."

"முட்டை வேண்டாம். என்னைக் கொண்டுபோகப் போறாங்கள். எனக்கு மறதியாம்."

பஸ்ஸக்கா தொலைக்காட்சியை நிறுத்தினாள். அந்த வீட்டில் சத்தம் இல்லாமல் நான் கண்டது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கோ மறதி? நான் போன மார்கழியிலை உங்களிட்டை வாங்கின கத்தரிக்கோலைக்கூடப் பேந்து ஒருக்கா ஞாபகப்படுத்தினீங்கள்."

"மார்கழி இல்லை. ஐப்பசி. தீபாவளிக்கு முதல் நாள். கறுப்புப் பிடி போட்டது."

"பாத்தீங்களே," என்றாள். "ஞாயிற்றுக்கிழமை தம்பி வரட்டும். நான் கதைக்கிறன்."

அவள் கதைப்பாள் என்ற நினைப்பிலேயே எனக்குக் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து வைப்பாள் என்று பார்த்தேன். ஒரு கரண்டிகூட வரவில்லை. முட்டை இல்லையே.

ஞாயிறு மகன் வெறும் பெட்டிகளோடு வந்தான். படியில் கால் வைக்கவில்லை, அவள் குறுக்கே நின்றாள்.

"தம்பி, பெட்டியை வைச்சிட்டு ஒருக்கால் பின்னாலை வாங்கோ. அக்கா, நீங்களும் வாங்கோ. பாத்து, சறுக்கும்."

பனிக்குள் மூன்று பேரும் போனோம். அவள் கூட்டின் பெரிய கதவைத் திறந்தாள். பச்சையும் சிவப்பும் மின்னின. நான் அதுவரை உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. என் வாளி, என் தாம்பாளம், என் பேசின், என் கூடை. எல்லாம் துடைத்து, அந்தந்த இடத்தில் இருந்தன. என் வீட்டில் இருந்த காலத்தில்கூட அவை அப்படிப் பளிச்சென்று இருந்ததில்லை. நடுவில் என் வீட்டுக்காரரின் தடியில் நான்கு கோழிகள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு இருந்தன. நாங்கள் என்னவோ அவற்றின் வீட்டுக்கு அழையாமல் வந்தவர்கள் என்பதுபோலப் பார்த்தன.

"ஒண்டும் துலையேல்லைத் தம்பி," என்றாள். "அம்மா ஒண்டையும் மறக்கவுமில்லை. எல்லாம் நான் வாங்கினது."

மகன் தடியின் நுனியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அப்ப ஏனம்மா தெரியாதெண்டு சொன்னீங்கள்? வாறவை போறவைக்கெல்லாம் வீட்டையே தூக்கிக் குடுப்பீங்களோ? இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லத் தெரியாத உங்களை நான் என்னெண்டு தனிய விடுறது? இது மறதியைவிட மோசம். வெளிக்கிடுங்கோ, போவம்."

பஸ்ஸக்கா வாயைத் திறந்தாள். அவள் கதைத்தால் காரியம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பயமோ, முழங்கால் வலியோ, தடியால் இறங்கி இளஞ்சூட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பாப்பினோவைப் பார்த்த எரிச்சலோ தெரியாது.

"இல்லை," என்றேன்.

"என்னம்மா?"

"இல்லை. நான் வரேல்லை."

என் குரல் எனக்கே வேறு யாரோ கதைத்ததுபோல இருந்தது. பஸ்ஸக்காதான் முதலில் கதைத்தாள்.

"அப்ப அக்கா, உங்கடை அந்தப் பழைய கம்பளி ஒண்டு இருந்தால், கூட்டுக்குக் காத்து வராமல்..."

"இல்லை," என்றேன்.

"நல்லது," என்று தலையாட்டினாள். "தம்பி, மூண்டு தரம் சொல்லிப்போட்டா. இனி நீங்கள் பயப்பிடாமல் போகலாம்."

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கூட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெட்டிகளை வெறுமையாகவே திருப்பிக் கொண்டுபோனான். புரோசார்ட் அறையில் இப்போது மருமகள் உடற்பயிற்சி செய்கிறாள்.

பனி கரைந்து இலை துளிர்க்கும் காலத்தில் முட்டை வரத் தொடங்கியது. சாமான்கள் வரவில்லை. முதலாம் முட்டையைக் கைமாற்றக்கூடாது, இரண்டாம் முட்டை சிறிசு, மூன்றாம் முட்டை மருமகனுக்கு என்று ஏதோ ஒரு சாட்டு. நான் இப்போது இல்லை என்று சொல்லப் பழகிவிட்டதால் புதிதாக ஒன்றும் போகவில்லை. அதுவரையில் எனக்கு வெற்றிதான். அவள் மட்டும் கேட்பதை நிறுத்தவில்லை. நாள் தவறாமல் ஏறி வருவாள், கேட்பாள், நான் இல்லை என்பேன், பிறகு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள்.

போன ஆவணியில் ஒருநாள் ஏறி வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. கல்கரியில் இருக்கிற மகளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்திருக்கிறது, பிள்ளைகளை விடுகிற கார்டரியில் இடம் கிடைக்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன் என்றாள். கோழிகளை ஜான்-டலோன் சந்தையில் முட்டை விற்கிற பண்ணைக்காரர் ஒருவருக்குப் பேசிக் கொடுத்தாள். அவரிடம் அவற்றின் பெயர்களையும் சொல்லிக் கொடுத்தாளாம்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் சாமான்கள் வந்தன. வாளிக்குள் ஒரு முட்டை. தாம்பாளத்தில் ஒரு முட்டை. பேசினில், கூடையில், பல்ப் மாலை கட்டின பையில். முழங்கால் பட்டிக்குள் சுருட்டி வைத்தது உடைந்து போயிருந்தது. கைத்தடியில் ஒரு கம்பளிக் காலுறை கட்டித் தொங்கியது, அதற்குள்ளும் ஒரு முட்டை.

"தடிக்கு உள்ளுக்கு வைக்க இடமில்லைத்தானே அக்கா," என்றாள்.

காலுறையை அவிழ்க்காமலே தடியைக் கதவு மூலையில் சாத்தினேன். கத்தரிக்கோலை மட்டும் இன்றுவரை தரவில்லை.

இப்போது கீழ்வீட்டில் ஒரு இளம் சோடி இருக்கிறது. பொன்ஜூர் என்பார்கள், மெர்சி என்பார்கள், கதவை மெதுவாகச் சாத்துவார்கள். அவர்களிடம் எல்லாம் இருக்கிறது. என் அரிசி வாளிக்குள் இருக்கிறது, பிள்ளையாருக்கு வெளிச்சம் இருக்கிறது, முழங்காலுக்குச் சூடும் இருக்கிறது. மகன் வந்து பார்த்துத் திருப்தியாகப் போகிறான். இரும்புப் படியில் ஒருவரும் ஏறி வருவதில்லை. ஒரு தனிமனுசிக்கு இத்தனை சாமான் எதற்கு என்று எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.