விசாரணைக்கு ஒரு மாவட்டம் முன்னால்

காவல்துறைத் தலைவர்களில் இரண்டு இனம் உண்டு: நின்று தேய்பவர், நகர்ந்து உயர்பவர். முதல் இனம் இங்கிலாந்தில் ஏறக்குறைய அழிந்துவிட்டது. இரண்டாவது இனத்தில் ஒன்று என் பக்கத்து வீட்டில் இருந்தது. பெயர் ரோஜர் பிளென்கின்.

இவரை உங்களுக்கும் தெரியும். தோளில் வெள்ளி மின்ன, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழையில் நின்று "பாடம் கற்றுக்கொள்வோம்" என்பாரே, அவர்தான். யார், எப்போது, என்ன பாடம்? கேட்கக் கூடாது. புது மாவட்டத்துக்கு வந்த முதல் மாதம், முன்னவர் மூன்றாகப் பிரித்ததை ஒன்றாக்குவார்; ஆறாம் மாதம் ஊர்க் காவல் நிலையங்களைப் பூட்டிவிட்டு, நூலகத்தில் வியாழக்கிழமை மட்டும் ஒரு மேசை போட்டு, அதற்கு 'மக்களுக்கு அருகில்' என்று பெயர் வைப்பார்; இரண்டாம் வருஷம் திருட்டு பெருகி, கவுன்சிலர்கள் கத்தி, விசாரணைக் குழு உட்கார்ந்து, அறிக்கை அச்சாகி வரும்போது ஆள் இருக்க மாட்டார். அடுத்த மாவட்டத்தில் இருப்பார். இன்னும் பெரிய நாற்காலியில்.

அவர் மனைவி ஹிலரிக்கு, முளைத்தண்டை வெட்டி வேகவைத்துத் தின்னும் ஆஸ்பராகஸ் என்றால் உயிர். அது நட்ட மூன்றாம் வசந்தத்தில்தான் வெட்டுக்கு வரும். இதற்கு முன் நான்கு மாவட்டங்களில் நான்கு பாத்தி போட்டார். நான்கையும் அடுத்துக் குடிவந்தவர்கள் தின்றார்கள். இங்கே போட்டது ஐந்தாவது. இங்கே விசாரணைக் குழு கொஞ்சம் சோம்பேறி; அதனால் மூன்றாம் ஏப்ரலும் வந்து, முளை தலைகாட்டிவிட்டது.

வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் காதில் இதெல்லாம் விழுந்தால் நான் என்ன செய்ய?

"ஹில், நாம வடக்க போறோம்."

"நாமன்னா யாரு?"

"பெரிய மாவட்டம். ஏழாயிரம் போலீஸ்காரங்க!"

"இன்னும் மூணே வாரம், ரோஜர். வெட்டிடலாம்."

"உன் கவலைய ரொம்பத் தீவிரமா எடுத்துக்கறேன்."

"நான் ஒண்ணும் பத்திரிகைக்காரி இல்ல. சரின்னு சொல்லிட்டியா?"

"கொள்கையளவில."

"எப்போ சொன்னே?"

"பிப்ரவரில."

"பிப்ரவரியா! போன மாசம் நான் முட்டி போட்டு எரு போட்டேனே, ஜன்னல்ல நின்னு டீ குடிச்சுக்கிட்டுப் பாத்தியேய்யா!"

"தகவல் பரிமாற்றத்துல சின்னக் குறை ஏற்பட்டிருக்கு."

"அப்ப நீ போ. நான் தின்னுட்டுத்தான் யோசிப்பேன்."

மே மாதம் அவர் தனியாகத்தான் போனார். அன்று மதியமே ஹிலரி முதல் முளைகளை வெட்டி, வேகவைத்து, வெண்ணெய் வழிய வழிய, அடுப்படியில் நின்றபடியே, எனக்குக்கூட ஒன்று நீட்டாமல் தின்று முடித்தார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ரோஜர் வெள்ளிக்கிழமைதோறும் அழுக்குச் சட்டை மூட்டையோடு ரயிலில் வருகிறார். துவைக்கும் இயந்திரம் எந்த மூலையில் இருக்கிறது என்று ஹிலரி காட்டியிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் போன வாரம் நண்பரிடம் போனில் "நாங்க முடிவு பண்ணிட்டோம்" என்றீர்களே, அந்த முடிவு உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது தெரியுமா?