நடந்துபோன லேத்

தனியாக இருப்பவன் ஏதாவது ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொண்டால், ஊரே அதைப் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பான். நான் எதிர்பார்த்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. அதாவது, மற்றவர்கள் செய்த கோப்பைகளைத் தூக்கிப் பார்த்து, ‘கோணல்’ என்று ஒதுக்குவது. (இப்படிப்பட்டவனை யார் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்?) எட்டு மாதமாக என் வாடகை அறைக்குள் வேறு யாரும் நுழைந்ததில்லை. தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜங்ஷனுக்குப் போய், யாரையும் வரவேற்காமல், ரயில் பார்த்துவிட்டுத் திரும்புவேன். பேச்சுத்துணை மாதிரி, மரம் கடைகிற பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தேன்.

அப்போதுதான் சூளையில் வேலை பார்த்த சலீம் பாய், "ஞாயித்துக்கெழம மதியம் புது வூட்டுல சாப்பாடு. நீங்களும் வந்துடுங்க சார்" என்றார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு. வெறுங்கையோடு போக முடியுமா? நெளிந்து நிற்கிற ஒரு விளக்குத்தண்டு கடைந்து கொடுத்து அசத்திவிட முடிவு செய்தேன்.

கட்டையை நடுப்புள்ளியில் பொருத்திக் கடைந்தால் நேராக வரும். புள்ளியை வேண்டுமென்றே தள்ளிப் பொருத்தினால் நெளிவு வரும். ஆனால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கம்பெனிச் சக்கரத்தில் களிமண் மையம் விலகினால் தொளதொளவென்று ஆடும், ஒரு தட்டு தட்டினால் அடங்கிவிடும். மரமும் அப்படித்தான் என்று நம்பி, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று வேகத்தைக் கூட்டினேன்.

லேத் நடக்க ஆரம்பித்தது. (தரையோடு போல்ட் போட்டிருக்க வேண்டுமாம்.) நான் கட்டில்மேல் ஏறிக்கொண்டேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று நான் சாத்தியிருந்த கதவுவரை அது குதித்துக் குதித்துப் போய், தன் பிளக்கைத் தானே பிடுங்கிக்கொண்டு, கதவை அடைத்து நின்றது. உள்பக்கம் திறக்கிற கதவு. இழுத்தும் தள்ளியும் பார்த்தேன், லேத் அசையவில்லை. வீட்டுக்காரர்கள் திட்டக்குடிக்குப் போயிருந்தார்கள். செல்போனில் மொத்தமே நாலு நம்பர்: அம்மா, மேனேஜர், கேஸ் ஏஜென்சி, சலீம் பாய்.

"பாய், வர முடியல. லேத்து கதவ மறிச்சிக்கிட்டு நிக்குது."

"அங்கயே இருங்க சார், நாங்க வரோம்" என்றார். (வேறெங்கே போவேன்?)

சூளை ஆட்கள் ஐந்து பேர் வந்து, தம் பிடித்துக் கதவைத் தள்ளித் திறந்தார்கள். சலீம் பாய் கையில் பிரியாணித் தூக்கு. என் ஒற்றைத் தட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் போய் இலை வாங்கி வந்தார். அறையில் உட்கார இடம் போதவில்லை. சலீம் பாய் பாதி கடைந்த தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோணலா இருக்குதே, ஒதுக்கிடலாமா சார்?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்றும் நான் அறைக்கதவைச் சாத்தினால் என் மனைவி, "பாய்க்கு ஃபோன் போடட்டுமா?" என்கிறாள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நானும்தான். ஒன்றை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. அன்று போனை வைத்தவுடனே ஞாபகம் வந்தது: நாலு போல்ட்டைக் கழற்றினால் மோட்டார் தனியே வந்துவிடும், மிச்சத்தை நானே நகர்த்திவிடலாம். ஸ்பேனர் கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. அதைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.