ஜட்ஜ் உட்கார்ந்த நாற்காலி

சென்னையில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகிவரும் இனம் ஒன்று உண்டு. பழசுப் பைத்தியங்கள். மயிலாப்பூரில் எங்காவது பழைய வீட்டை இடித்தால், வாசலில் போய் நின்று, "அந்தக் கதவை என்ன செய்யப் போறீங்க?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்களே, அவர்கள்தான். அடையாறில் லிஃப்ட் வைத்த வீடாகப் பார்த்து வாங்கி, அந்த லிஃப்டில் மாட்டுவண்டிச் சக்கரத்தை ஏற்றி, நடுக்கூடத்தில் படுக்கப்போட்டு, மேலே கண்ணாடி பதித்து, அதன்மேல் காப்பியை வைத்து, குனிந்தால் முட்டி இடிக்கிறதே என்று கடைசியில் கையிலேயே பிடித்துக்கொண்டு குடிப்பார்களே, அவர்களேதான். அவர்கள் வீட்டு உரலில் மீன் நீந்தும். ஆட்டுக்கல்லில் பூ மிதக்கும். மாவு மட்டும் பாக்கெட்டில் வரும்.

இவ்வளவு கிட்டத்தில் எங்கே பார்த்தாய் என்கிறீர்களா? தலை வாரும்போது பார்த்ததுதான். அந்தக் கண்ணாடியும் பழசு. ரசம் போய் பாதி முகம்தான் தெரியும். என் முகத்துக்கு அது போதும்.

இதில் கூத்து என்னவென்றால், என் வீட்டுக்காரர் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போங்கள் என்று ஊரையே மாற்றியவர். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புளி போட்டுத் தேய்த்தே உங்கள் ஆயுசு போய்விடும் என்று வந்த பெண்களுக்கெல்லாம் ஓதியவள் நான். வாங்கிய அண்டாக்களை உருக்கப் போட்டோம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அதே மாதிரி அண்டாவைத் தேடி நான் தெருத்தெருவாக அலைகிறேன். அவர் இருந்திருந்தால் என்னையும் எடைக்குப் போட்டிருப்பார்.

எங்கள் இனத்தை அடையாளம் காண்பது சுலபம். யார் வீட்டுக்குப் போனாலும் சொம்பைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்போம். மேசையை விரலால் தட்டிக் காதைக் கொடுப்போம். பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் பொன் கிடைத்த மாதிரி முகம் மலரும். வாங்குகிற சாமானுக்குக் கால் இல்லாவிட்டால் பரவாயில்லை. கதை இல்லாவிட்டால்தான் மனசு ஆறாது.

அப்படிக் கதையோடு கிடைத்ததுதான் அந்த நாற்காலி. பட்டினப்பாக்கத்தில் பழைய மரச்சாமான் விற்கிற ரங்கன் என் பலவீனம் தெரிந்தவன். "இன்னாம்மா சும்மா பாத்துக்கினே கீற? ஜட்ஜு குந்துன சேரு இது. தெனம் குந்துவாராம்" என்றான். நல்ல தேக்கு. உயர்ந்த முதுகு, அகலக் கை. உட்காருகிற பலகையின் நடுவில் மட்டும் இட்லிக் கொப்பரை வாயளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. அது எதற்கு என்று ரங்கன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தால் நான் ஏன் இந்த இனத்தில் சேரப் போகிறேன்? வெள்ளைக்காரன் காலம், கறுப்பு அங்கி, நாளெல்லாம் தீர்ப்பு, கீழேயிருந்து காற்று வரவேண்டாமா என்று நானே முடிவு கட்டினேன். பழைய பட்டுப்புடவையைக் கிழித்து மெத்தை தைத்து ஓட்டையை மூடினேன். கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் எவரும் அந்தக் காற்றுக் கதையைக் கேட்காமல் காப்பி குடித்ததில்லை.

என் மகன் மகேஷ் நாற்பதை எட்டிப் பார்க்கிறான். முன்பு வந்த ஒரு சம்பந்தம், பெண்ணின் அத்தை புடவை என் வண்டிச் சக்கரத்து ஆணியில் மாட்டிக் கிழிந்ததோடு கிழிந்துபோயிற்று. இந்தத் தடவை அவனே பெண் பார்த்துக்கொண்டான். அனுப்ரியா, ஆதம்பாக்கம். அவள் அப்பா அம்மா நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் என்னிடம் கெஞ்சினான்.

"எம்மா, ஒரு நாளைக்கு மட்டும் இதெல்லாத்தையும் மொட்ட மாடியில போட்ருவோம். அவங்க அப்பாவுக்கு ஏற்கெனவே அரை மனசு. இதப் பாத்தாருன்னா எந்திரிச்சுப் போயிருவாரு."

சரி என்றேன். எல்லாவற்றையும் ஏற்றினேன், நாற்காலியைத் தவிர. சம்பந்தியைப் பிளாஸ்டிக் ஸ்டூலிலா உட்கார வைப்பது?

பெண்ணின் அப்பா வெள்ளைச்சாமி, தி.நகரில் ஜவுளிக்கடைக்காரர். மகேஷ் சோபாவைக் காட்டினான். நான் விடுவேனா? "இதுல இருங்கண்ணாச்சி. ஜட்ஜ் இருந்த நாற்காலி" என்று கையைக் காட்டினேன். உட்கார்ந்தார். காற்றுக் கதையும் சொன்னேன். மனுஷனுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. சம்பளம் என்ன, சொந்த வீடா, ஏன் இத்தனை நாள் கல்யாணம் இல்லை என்று மகேஷைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க ஆரம்பித்தார்.

அவர் மனைவி ஸ்வர்ணலதா காப்பி டம்ளரோடு நாற்காலியைச் சுற்றி வந்தாள். அதன் கையைத் தடவினாள். குனிந்து அடியில் பார்த்தாள். அட, நம்ம ஆள் என்று எனக்குப் பூரிப்பு.

"ஏங்க, எந்திரிங்க" என்றாள்.

எழுந்தார். மெத்தையைத் தூக்கினாள்.

"எங்க மாமனார் விழுந்து கெடந்தப்போ இதே மாதிரி நாற்காலியிலதான் வெளிக்கி இருந்தாரு. ஓட்டைக்கு அடியில சட்டி இருக்கும். அதத் தூக்கி ஊத்துனவ நான்தான்."

வெள்ளைச்சாமி வேட்டியின் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டே செருப்பு எங்கே என்று பார்த்தார். மகேஷ் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வந்தது வேறு.

"மதினி, அந்தச் சட்டி இப்ப இருக்கா?"

மகேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். ஸ்வர்ணலதா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, கோயிலில் பேசுகிற மாதிரி குரலை இறக்கினாள்.

"வெள்ளப் பீங்கான், நீலக்கரை போட்டது. தூக்கிப் போட மனசு வரல. ஹால்ல வச்சிருக்கேன்."

செருப்பை நோக்கிப் போன வெள்ளைச்சாமி நின்றார். "எது, பழம் அடுக்கி வைப்பியே, அதுவா?"

"கழுவிட்டுத்தான் வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"உங்கப்பா கெடந்த ரூம் பக்கம் நீங்க எட்டிப் பாத்திருந்தாத்தான தெரியும்."

அதற்குமேல் அண்ணாச்சிக்கு யார் வீட்டையும் குறை சொல்ல வாய் இல்லை. திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார். காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, தை மாதம் நாள் பார்க்கலாம் என்றார்.

ரங்கனிடம் சண்டைக்குப் போகவில்லை. என்னவென்று போவது? ஜட்ஜ் தினமும் உட்கார்ந்தார் என்றான். உட்கார்ந்துதானே இருப்பார். சட்டி சீர்வரிசையோடு வருகிறது. நாற்காலிக்குப் பொருந்துமா என்று அளவுகூடப் பார்த்துவிட்டேன். பொருந்தும்.

நன்றாகச் சிரியுங்கள். பழைய சாமான் கடையில் அழகாக இருக்கிறதே என்று வாங்கி, வாசலில் வைத்து, பூ மிதக்கவிட்டு, போட்டோ பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினீர்களே, அந்த அகல வாய்ப் பாத்திரம், அது எதற்குப் புழங்கியது என்று விற்றவனைக் கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள். இனிமேலும் கேட்காதீர்கள். இன்னொரு தடவை கழுவி வையுங்கள்.